ஒரே கூட்டுத்தொகை

வேனிலிருந்து முதலில் இறங்குபவை பிளாஸ்டிக் நாற்காலிகள். பிறகு வாய்க்கண்ணாடிகள் அடுக்கிய ஸ்டீல் தட்டுகள், கையுறைப் பெட்டி, மஞ்சள் குப்பைப் பை, இரண்டு கைக்கும் அடங்காத ஒரு மாதிரிப் பல்செட்டு, அதைத் துலக்கிக் காட்ட முழங்கை நீளத்தில் ஒரு பிரஷ். கடைசியாக, வெள்ளைக் கோட்டைச் சரிசெய்துகொண்டே நான்கு பயிற்சி மருத்துவர்கள். மூன்று பெண்கள், ஒரு பையன். அவர்களுக்குப் பின்னால் செல்போனில் பேசியபடி பேராசிரியர்.

பள்ளிபாளையத்தை ஒட்டிய ஓர் ஊர். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. இரவும் பகலும் விசைத்தறி ஓடுகிற பூமி. பல் பரிசோதனை முகாம் காலையில் மெட்ரிக் பள்ளியில், மதியத்துக்கு மேல் அரசு நடுநிலைப் பள்ளியில். நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கம்.

மெட்ரிக் பள்ளியின் கூட்ட அரங்கில் கதவைச் சாத்திவிட்டால் தறிச் சத்தம் வெளியே நின்றுவிடுகிறது. வரிசையில் நிற்கும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம். சில படிவங்களின் ஓரத்தில் அம்மாக்கள் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். எந்த டாக்டரிடம் சிகிச்சை நடக்கிறது, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, இரவில் பல் துலக்கச் சொன்னால் பிள்ளை அடம்பிடிக்கிறான், கொஞ்சம் மிரட்டி வையுங்கள்.

இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நாற்காலியில் ஏறியதும், கேட்பதற்கு முன்பே வாயைத் திறக்கிறான். பழகியவன். உள்ளே கடைவாயில் பளபளவென்று எஃகு மூடிகள்.

"எனக்கு இரும்புப் பல்லு இருக்குது மேம்."

"பாத்துட்டேன். யாரு போட்டாங்க?"

"ஈரோட்டு டாக்டர் அங்கிள். ஒவ்வொரு தடவை போறப்பவும் அப்பா ஒரு பொம்மைக் காரு வாங்கிக் குடுத்தாரு."

பின்னால் நிற்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அவன் இன்னும் அகலமாகத் திறந்து காட்டுகிறான். வகுப்பில் அவனுக்கு அது ஒரு பெருமை.

கண்ணாடியை வைத்துப் பார்க்கிற பெண் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் எழுதுகிறாள். "ஃபைவ் ஃபோர், எஃப். ஃபைவ் ஃபைவ், எஃப். செவன் ஃபைவ், எஃப். எய்ட் ஃபோர், எஃப். எய்ட் ஃபைவ், எஃப்."

வெளியாளுக்கு இது ரயில் நிலைய அறிவிப்புபோலக் கேட்கும். உள்ளே இருக்கும் கணக்கு எளிது. ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு எண். முதல் எண் வாயின் எந்தக் கால்பங்கு என்பதைச் சொல்லும். இரண்டாவது, நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பதை. முதல் எண் ஒன்று முதல் நான்கு வரை என்றால் நிலைப்பல், ஐந்து முதல் எட்டு வரை என்றால் பால்பல். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துதான் அந்தப் பல்லின் கதை. டி என்றால் சொத்தை அப்படியே கிடக்கிறது. எம் என்றால் சொத்தையால் பல்லே போய்விட்டது. எஃப் என்றால் சொத்தை விழுந்தது, ஆனால் அடைத்தாயிற்று. மூடி போட்டதும் எஃப்தான். மூன்றையும் கூட்டினால் அந்த வாயின் மொத்தச் சொத்தைக் கணக்கு வரும். அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் ஹேகர்ஸ்டவுன் பள்ளிக் குழந்தைகளின் பற்களை வைத்து க்ளைன், பாமர், நட்சன் என்ற மூவர் 1938-இல் வெளியிட்ட முறை இது. இன்றைக்கும் உலகமெங்கும் பல் முகாம்களின் நோட்டுகளில் இந்த மூன்று எழுத்துகள்தான்.

பையனின் கூட்டுத்தொகை ஐந்து. அவன் இறங்கி ஓடுகிறான்.

யு.கே.ஜி. வரிசையின் கடைசியில் ஒரு சிறுமி. மற்றவர்களுக்கு உள்ள அதே டை, அதே பெல்ட், அதே கறுப்பு ஷூ. வாயைத் திறக்கச் சொன்னால் தலையை ஆட்டுகிறாள். வகுப்பு ஆசிரியை பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்துகிறார். "ஆர்.டி.ஈ. சீட்டுங்க. அப்பாவும் அம்மாவும் தறிக்குப் போறவங்க. ரைம்ஸ் சொல்றப்பக்கூட கையால வாயப் பொத்திக்குவா."

கொஞ்சம் கெஞ்சியபின் திறக்கிறாள். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் ஈறுமட்டத்துக்குக் கரைந்து, பழுப்புத் துண்டுகளாக நிற்கின்றன. கீழ்வரிசை முன்பற்களோ பளிச்சென்று வெள்ளையாக இருக்கின்றன. புட்டிப்பால் சொத்தைக்கு இதுதான் அடையாளம். தூங்கும் குழந்தையின் வாயில் சர்க்கரை போட்ட பால்புட்டி இருக்கும்போது, கீழ்ப்பற்களை நாக்கு மூடிக் காக்கிறது. நாக்கடியில் ஊறும் எச்சிலும் அவற்றைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. மேல்பற்களுக்கு அந்தக் காவல் இல்லை. இரவு ஷிப்டில் தறிக்கு முன்னால் நிற்கிற தாய்க்கு, பக்கத்தில் சாக்கு விரித்துப் படுக்கவைத்த பிள்ளை அழாமல் தூங்க அந்தப் புட்டியை விட்டால் வேறு வழி இருந்திருக்காது.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடம் அவளை இந்த வரிசையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. சீருடை மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டது.

"ஃபைவ் ஒன், டி. ஃபைவ் டூ, டி. சிக்ஸ் ஒன், டி. சிக்ஸ் டூ, டி." எழுதுகிறவள் தலையை நிமிர்த்தாமல் எழுதுகிறாள். அந்தப் பக்கத்தில் அதுவரை எஃப் தான் கூட்டமாக இருந்தது.

மதியம் அரசுப் பள்ளியில் சத்துணவு முடிந்து தட்டு கழுவும் நேரத்துக்கு வேன் வருகிறது. குழாய் இரண்டுதான், அதற்கு முன்னால் நீளமான வரிசை. மதிற்சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்கூடம். இங்கே கதவைச் சாத்தினாலும் சாத்தாவிட்டாலும் சத்தம் ஒன்றுதான், அதனால் யாரும் சாத்துவதில்லை. பேசுகிறவர்கள் எல்லாருமே கொஞ்சம் உரக்கப் பேசுகிறார்கள். தலைமையாசிரியை வேப்பமரத்தடியில் நாற்காலி போடச் சொல்கிறார். உள்ளே வெளிச்சம் பற்றாது.

இங்கே பிள்ளைகளுக்கு வாயைத் திறந்து பழக்கமில்லை. நாக்கை நீட்டுகிறார்கள், கண்ணை மூடுகிறார்கள், கண்ணாடி உதட்டில் பட்டதும் சிரிக்கிறார்கள். ஒடியாவில் பேசும் இரண்டு பையன்களுக்கு, அவர்களுடைய வகுப்புத் தோழி ஒருத்தி சைகையில் சொல்லிக்கொடுக்கிறாள்.

இரட்டைச் சடையை மடித்துக் கட்டிய இரண்டாம் வகுப்புப் பெண். கண்ணாடி பார்க்கிறவள் ஒரு நிமிடம் பேசாமல் இருக்கிறாள். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில், ஈற்றின்மேல் மஞ்சள் முனையோடு ஒரு சீழ்க்கட்டி.

"வலிக்குதா பாப்பா?"

"இல்லீங்கக்கா."

"முன்னாடி வலிச்சுதா?"

"தீவாளிக்கு முந்தி வலிச்சுதுங்க. ஆத்தா கிராம்பு வெச்சாங்க. அப்பறம் நின்னுபோச்சு."

பயிற்சி மருத்துவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பல்லுக்குள் இருக்கும் நரம்பு உயிரோடிருக்கும்வரைதான் அந்த வலி. அது செத்துவிட்டால் வலி நின்றுவிடும்; சீழ் வேரடியில் சேரத் தொடங்கும். வீட்டில் கிராம்புக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். பல் குணமாகிவிட்டது என்று எல்லாரும் வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள்.

"ஃபைவ் ஃபைவ், டி. சிக்ஸ் ஃபைவ், டி. செவன் ஃபோர், டி. செவன் ஃபைவ், டி. எய்ட் ஃபைவ், டி."

கூட்டுத்தொகை ஐந்து.

அடுத்து நான்காம் வகுப்புப் பையன். இடது பக்கப் பற்களின்மேல் காவி படிந்து, காரை கட்டியிருக்கிறது. வலது பக்கம் சுத்தம். பிரஷ் ஒரு பக்கம் மட்டும் போகாதிருக்க வாய்ப்பில்லை. மெல்லுகிற பக்கத்தைச் சாப்பாடே ஓரளவு தேய்த்துவிடும். மெல்லாத பக்கத்தில் அழுக்கு தங்கும்.

"இந்தப் பக்கம் சாப்புடறதே இல்லியா தம்பி?"

"சோறு அந்தப் பக்கம் போனா சுர்ருங்குதுக்கா."

"எத்தன நாளா?"

தோளைக் குலுக்குகிறான். அவனுக்கு அது கணக்கில் வைக்கிற விஷயமில்லை.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னா அம்மா தறிக்கு லீவு போடோணும்."

சொத்தை விழுந்திருப்பது கீழ் இடது கடைவாய்ப்பல்லில். வயசு ஆறு ஆகும்போது எந்தப் பல்லும் விழாமலே, பால்பற்களுக்குப் பின்னால் ஓசையின்றி முளைக்கிற முதல் நிலைப்பல் அது. ஒன்று விழுந்து அந்த இடத்தில் முளைக்காததால் அதையும் பால்பல் என்றே பெற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். விழுகிற பல்தானே, போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அது போனால் வேறு முளைக்காது. ஒன்பது வயதுப் பையன் தன் ஆயுசுக்குமான பல் ஒன்றை, அம்மாவின் ஒருநாள் கூலிக்காகப் பேசாமல் விட்டுக்கொண்டிருக்கிறான்.

ஏழாம் வகுப்பு வரிசையில் சிரிக்காத பெண் ஒருத்தி. உதட்டை இழுத்து மூடியபடியே பேசுகிறாள். பின்னால் நிற்பவள் முந்திக்கொண்டு சொல்கிறாள்: "அவ பல்லே வெளக்கமாட்டாக்கா." திறந்து பார்த்தால் முன்பற்களில் பழுப்புப் பட்டைகள். பயிற்சி மருத்துவர், "சொந்த ஊரு எது?" என்று கேட்கிறாள். பென்னாகரம் பக்கம். சின்ன வயசில் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் உருவாகும் பருவத்தில் அது மிதமிஞ்சி உடலில் சேர்ந்தால் கறையோடுதான் பல் முளைக்கும். எவ்வளவு விளக்கினாலும் போகாது. அந்தத் தண்ணீர்க் கேட்டுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே வந்தது.

கண்ணாடி நான்கு கால்பங்கையும் சுற்றி வருகிறது. ஒரு டி கூட இல்லை. "உன் பல்லுதான் இந்த வரிசையிலயே நல்ல பல்லு," என்கிறாள் பயிற்சி மருத்துவர், பின்னால் நிற்பவளுக்கும் கேட்கும்படி. அந்தப் பெண் நம்பாமல் இறங்கிப் போகிறாள். ஊர் குடித்த தண்ணீர் ஒரு பிள்ளைக்குக் கறையாக வந்திருக்கிறது; ஊர் விற்கிற தின்பண்டம் மற்ற பிள்ளைகளுக்குக் குழியாக.

இடைவேளை மணி அடிக்கிறது. வரிசை கலைந்து வாசலுக்கு ஓடுகிறது. பள்ளிக்கு எதிரே பெட்டிக்கடை. ஒரு ரூபாய்க்குத் தேன்மிட்டாய், கமர்கட். இரண்டு ரூபாய்க்கு ஜவ்வுமிட்டாய். ஐந்து ரூபாய்க்கு கிரீம் பிஸ்கட். பத்து ரூபாய் பாட்டில் ஒன்றை மூன்று பேர் சேர்ந்து வாங்கி, கோடு போட்டுக் குடிக்கிறார்கள். கடைக்காரம்மா நல்லவர், காசு குறைந்தாலும் கொடுக்கிறார். வாழைப்பழத் தாரும் தொங்குகிறது. அந்தக் காசுக்கு ஒரு பழம். மிட்டாய் என்றால் கைநிறைய.

இதே ஊரில் மிட்டாய் என்பது திருவிழாவுக்கும் விருந்தாளி வரவுக்குமான பண்டமாக இருந்த காலத்தை அந்தக் கடைக்காரம்மாவே பார்த்திருப்பார். அப்போது சொத்தைப்பல் வசதியான வீட்டுப் பிள்ளைக்குத்தான் அதிகம் வாய்த்தது. சர்க்கரை ஒரு ரூபாய்ப் பொட்டலத்துக்குள் வந்து சேர்ந்தபின், சொத்தையும் வீடு மாறிவிட்டது.

கமர்கட் கடைவாயில் ஒட்டிக்கொள்ள, நாக்கால் துழாவிக்கொண்டே வருகிறான் ஒருவன். ஒட்டுகிற இனிப்பைச் சாப்பாட்டுக்கு இடையிடையே தின்பதுதான் பல்லுக்கு மிக மோசம் என்பது சுவீடனில் தெரியவந்தது. லுண்ட் நகரில் விப்பேஹோல்ம் என்ற, அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ளோர் காப்பகத்தில், 1940-களின் பிற்பாதியில், மறுக்க வழியில்லாத நோயாளிகளுக்கு நாள்முழுக்க டாஃபி கொடுத்து, பல் அரிப்பதைக் கணக்கெடுத்தார்கள். இன்று மருத்துவக் கல்லூரிகளில் அந்த ஆய்வு, எப்படிச் செய்யக்கூடாது என்பதற்கும் பாடமாக இருக்கிறது. எவ்வளவு தின்றாய் என்பதைவிட எத்தனை தடவை தின்றாய் என்பதே பெரிது என்ற உண்மை நமக்குக் கிடைத்தது அந்தப் பற்களிலிருந்துதான்.

சீழ்க்கட்டிப் பெண்ணின் தாய் வந்துவிட்டார். தலைமையாசிரியை பக்கத்துத் தறிக்கூடத்துக்கே ஆள் அனுப்பியிருக்கிறார். தலைமுடியெல்லாம் பஞ்சுத்தூசி. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"நூலு ஏதாச்சும் சிக்குனா ஓனரு திட்டுவாருங்க. சொல்லுங்க சார்."

பேராசிரியர் சொல்கிறார். சீழ் வைத்த பல்லுக்குப் பிள்ளையைத் தங்கள் பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிவரவேண்டும்; கட்டணமில்லை. மற்ற நான்கு குழிகளும் இன்னும் ஆழமாகவில்லை. ஒரு மருந்து இருக்கிறது, வெள்ளியும் ஃபுளோரைடும் கலந்தது. துளைக்கவேண்டாம், ஊசி வேண்டாம், பஞ்சால் தொட்டு வைத்தால் அரிப்பு அங்கேயே நின்றுவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஒன்றுதான், வைத்த இடம் கறுப்பாகிவிடும்.

"கறுப்பானா என்னங்க சார். வலிக்காம இருந்தாப் போதும்."

சட்டென்று சம்மதம். படிவத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. பக்கத்தில் நிற்கிற பயிற்சி மருத்துவப் பையன் காலையில் பார்த்த எஃகு மூடிகளை நினைத்திருக்கவேண்டும். தாய் நகர்ந்ததும் மெதுவாகக் கேட்கிறான்: "சார், காலையில அந்த ஸ்கூல்ல இத யாருக்கும் சொல்லலியே?"

"சொன்னா வேணாம்பாங்க. கறுப்புத் தெரியும்ல."

"இவங்களுக்குத் தெரியாதா சார்?"

பேராசிரியர் பதில் சொல்லவில்லை. நல்ல மருந்துதான். தறிக்கூடத்துப் பிள்ளைக்கு இன்றைய தேதியில் எட்டுகிற ஒரே மருந்தும் அதுதான். ஆனால் ஒருவருக்கு நான்கு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிவதும், இன்னொருவர் இருக்கிற ஒன்றுக்குச் சம்மதம் சொல்வதும் படிவத்தில் ஒரே கையெழுத்தாகத்தான் விழுகிறது.

தாய் கையில் மஞ்சள் சீட்டு. கல்லூரிக்குப் போய்வர இரண்டு பேருந்து மாறவேண்டும். புறநோயாளிப் பிரிவு நடக்கும் நேரமும் அவருடைய ஷிப்ட் நேரமும் ஒன்று. சனிக்கிழமைக் கூலியில் ஒருநாள் பிடித்தம். வாங்கிய முன்பணம் தீராமல் இருக்கையில் லீவு கேட்க வாய் வராது. சிகிச்சை இலவசம் என்பதைச் சீட்டில் தடித்த எழுத்தில் அடித்திருக்கிறார்கள். இந்த மற்றக் கணக்கு எதற்கும் அதில் இடமில்லை.

மூன்றரை மணிக்கு வேப்பமரத்தடியில் டீ வருகிறது. எழுதுகிற பெண் காலைத் தாள்களையும் மதியத் தாள்களையும் அடுக்கிக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். திடீரென்று நிறுத்துகிறாள்.

"சார், இங்க பாருங்க. காலையில அந்த அயர்ன் டீத் பையன், இப்ப இந்தப் பொண்ணு. ரெண்டு பேருமே செகண்ட் ஸ்டாண்டர்ட். ரெண்டுமே டோட்டல் அஞ்சு."

பேராசிரியர் டம்ளரைக் கீழே வைக்கிறார். "டோட்டல மட்டும் ரிப்போர்ட்ல போட்டா ரெண்டு பேரும் ஒண்ணுதான்னு ஆயிரும். எழுத்தத் தனித்தனியா எழுதும்மா. அஞ்சு எஃப், அஞ்சு டி."

அவள் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள். சர்க்கரை இரண்டு வாயிலும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம், வாரச் சம்பளமா மாதச் சம்பளமா, லீவு உண்டா, வீட்டில் வண்டி இருக்கிறதா, 'பல்தானே' என்கிறார்களா 'பல்லாயிற்றே' என்கிறார்களா என்பதைப் பொறுத்தது. நோயை எண் சொல்கிறது. வீட்டை எழுத்து சொல்கிறது. பால்பல் சொத்தையுள்ள குழந்தைகள் உலகில் 51 கோடிக்கு மேல் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை. அதுவும் ஒரு கூட்டுத்தொகைதான்.

தலைமையாசிரியை இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்தவர். "எனக்கு ஒண்ணு சொல்லுங்க சார். நடமாடும் மருத்துவக் குழு வருசாவருசம் வருது. நீங்களும் வர்றீங்க. எல்லாரும் சீட்டு எழுதிக் குடுக்கறீங்க. சீட்டு எழுதாம இருக்கறதுக்கு நாங்க என்ன பண்ணோணும்?"

பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். இன்றைக்கு அவர் விரும்பிப் பேசப்போகிற முதல் பேச்சு இது என்று முகத்தில் தெரிகிறது. ஸ்காட்லாந்தைச் சொல்கிறார். அங்கே 2003-இல் ஐந்து வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 45 பேருக்குத்தான் கண்ணுக்குத் தெரியும் சொத்தை இல்லாமல் இருந்தது. மழலையர் பள்ளிகளிலேயே ஆசிரியர் கண் முன்னால் தினமும் பல் துலக்கவைக்கும் 'சைல்ட்ஸ்மைல்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். இருபது ஆண்டுகளில் அது நூற்றுக்கு 70-ஐத் தாண்டியது. "ஏழை பணக்கார வித்தியாசம் அங்கயும் இன்னும் இருக்குது டீச்சர். ஆனா கொறஞ்சிருக்கு. வீட்டுல நடக்காதது பள்ளிக்கூடத்துல நடந்துருது, அதுதான் விசயம்."

டீச்சர் யோசிக்கிறார். ஒன்று முதல் ஐந்து வரை காலை உணவுத் திட்டத்துக்குப் பிள்ளைகள் எப்படியும் மணி அடிப்பதற்கு முன்பே வந்துவிடுகிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் துலக்கவைக்கலாம். "ஆனா குழாய் ரெண்டுதான் சார். தட்டு கழுவறதுக்கே பத்தல. இத்தன பேரு வாய் கொப்பளிக்கறதுன்னா பெல் அடிச்சிரும்."

எழுதுகிற பெண் நோட்டை மூடிவிட்டுத் திரும்புகிறாள். "கொப்பளிக்கவே வேண்டாம் டீச்சர். துப்புனாப் போதும். கொப்பளிச்சா பேஸ்ட்ல இருக்கற ஃபுளோரைடு தண்ணியோட போயிரும். கொஞ்சம் பல்லுமேல தங்கோணும். மரத்தடியில நிக்கவெச்சே பண்ணலாம்."

"அப்படியா?"

"பட்டாணி அளவு பேஸ்ட். பிரஷ்ல பேரு ஒட்டி, ஒண்ணு மேல ஒண்ணு படாம நிக்கவெக்கோணும். அவ்வளவுதான். பல்பொடி வேண்டாம், பெரும்பாலும் அதுல ஃபுளோரைடு இருக்காது. பேஸ்ட்டே வேணும்."

டீச்சர் வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ஒன்று முதல் ஐந்து வரை வகுப்பு எண்களைக் கீழே கீழே எழுதுகிறார். ஒவ்வொன்றுக்கும் நேரே பிள்ளைகள் எண்ணிக்கை. கூட்டிப் பார்க்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரஷ் மாற்றவேண்டும் என்று பயிற்சி மருத்துவப் பையன் சொன்னதும் நான்கால் பெருக்குகிறார். பேஸ்ட்டுக்கு ஒரு தனிக் கோடு.

"நூல் வியாபாரம் பண்றவங்க ஒருத்தர் நம்ம பழைய ஸ்டூடண்ட். பேஸ்ட்ட அவரு தலையில கட்டிர்றேன். பிரஷ்?"

"காலேஜ்ல கேட்டுப் பாக்கறேன் டீச்சர்," என்கிறார் பேராசிரியர்.

"கேட்டுப் பாக்கறேன்னு சொல்லாதீங்க சார். சத்துணவு முட்டை அப்படிச் சொல்லியா வருது? எந்தத் தேதின்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

பயிற்சி மருத்துவர்கள் சிரிப்பை அடக்குகிறார்கள். பேராசிரியர் செல்போனில் நாட்காட்டியைத் திறந்து, வெள்ளிக்கிழமையைத் தள்ளி, திங்கட்கிழமையில் விரலை வைத்து, தேதியைச் சொல்கிறார். டீச்சர் அதை எழுதி, பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி, பேனாவையும் நீட்டுகிறார்: "ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."